நரம்புக் கோளாறோடு ஒருவர் வந்தால்: ஸ்கேனுக்கு எழுதும் முன் செய்ய வேண்டியவை, முழுமையான வழிகாட்டி

பொது மருத்துவம் பார்க்கிற பலருக்கு நரம்பியல் என்றாலே உள்ளுக்குள் ஒரு தயக்கம். இதயம், நுரையீரல், வயிறு எல்லாம் சமாளித்துவிடுவார்கள், "ஒரு கால் மட்டும் இழுக்குது டாக்டர்" என்று ஒருவர் சொன்னதும் கை தானாக எம்.ஆர்.ஐ. சீட்டை எடுக்கும். ஸ்கேன் எடுப்பது தப்பில்லை. எந்த இடத்தை எடுக்கச் சொல்கிறோம் என்று தெரியாமல் எடுப்பதுதான் தப்பு. கால் பலவீனம் என்றதும் இடுப்புப் பகுதி முதுகெலும்பை மட்டும் படம் எடுத்து, வயதான யாருக்கும் இருக்கக்கூடிய டிஸ்க் பிதுக்கத்தைப் பார்த்து, "இதுதான் காரணம்" என்று முடித்துவிடுவார்கள். நடுமுதுகில் தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருக்கும் கட்டி பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருக்கும்.

இது ஓபி பார்க்கத் தொடங்கியிருக்கும் இளம் மருத்துவர்களுக்காக எழுதுவது. மற்றவர்களும் படிக்கலாம், ஆனால் இதில் வரும் மருந்து அளவுகளை வைத்துக்கொண்டு தாமாக எதையும் ஆரம்பிக்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

படி 1: எப்போது, எப்படித் தொடங்கியது

என்ன நோய் என்பதைப் பெரும்பாலும் காலம்தான் சொல்லும். நொடிகளில் வந்தால் ரத்தக்குழாய் அல்லது வலிப்பு. சில மணி நேரம் முதல் சில நாள்களில் கூடினால் தொற்று, அழற்சி, உடலின் எதிர்ப்புச் சக்தியே புற நரம்புகளைத் தாக்கும் கில்லன் பாரே போன்றவை. வாரக்கணக்கில் என்றால் கட்டி, மூளை உறைக்குக் கீழே மெதுவாகச் சேரும் ரத்தம், காசநோய் மூளைக்காய்ச்சல். வருடக்கணக்கில் என்றால் பார்க்கின்சன், அல்சைமர் மாதிரி தேய்மான நோய்கள். வந்து வந்து போகிறதென்றால் வலிப்பு, ஒற்றைத் தலைவலி, சிறு பக்கவாதம், மயஸ்தீனியா என்று பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும்.

ஆனால் எல்லோருமே "திடீர்னு வந்துச்சு" என்றுதான் சொல்வார்கள். அதை அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். "அது வந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று கேளுங்கள். "பல் தேய்த்துக்கொண்டிருந்தேன், பிரஷ் கையிலிருந்து நழுவிவிட்டது" என்று ஒருவர் சொன்னால் அது உண்மையிலேயே திடீர். "போன மாசம் இருக்கும், இல்ல, அதுக்கு முன்னாடியே மாடிப்படி ஏற கஷ்டமாத்தான் இருந்துச்சு" என்று வந்தால் அது வேறு நோய்.

அடுத்து மருந்துப் பை. கையில் இருக்கிற எல்லா மாத்திரைகளையும் மேஜையில் கொட்டச் சொல்லுங்கள். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடு, தலைசுற்றலுக்கு மாதக்கணக்கில் விழுங்கும் சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்கான புளுனாரிசின், மனநல மருந்துகளில் சில, இவை எல்லாமே பார்க்கின்சன் மாதிரியே நடுக்கமும் விறைப்பும் தரலாம். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகும், சிலருக்கு மாதங்கள் பிடிக்கும். மெட்ஃபார்மின் பல வருடமாக எடுப்பவருக்குக் கால் மரத்துப்போனால் சர்க்கரையை மட்டும் குற்றம் சொல்லாமல் வைட்டமின் பி12 அளவையும் பாருங்கள்.

படி 2: கோளாறு எந்த இடத்தில்

இதற்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், ஆனால் தினசரி வேலைக்கு ஏழெட்டு வடிவங்கள் தெரிந்தால் போதும். முகம், கை, கால் மூன்றும் ஒரே பக்கம் பலவீனம் என்றால் பெரும்பாலும் எதிர்ப்பக்க மூளை, கூடவே பேச்சு குழம்பினால் இடது பெருமூளைப் புறணி. முகம் ஒரு பக்கம், கை கால் மறு பக்கம் என்றால் மூளைத்தண்டு. இரண்டு கால்களும் விறைத்து, வயிற்றில் ஒரு கோட்டுக்குக் கீழே உணர்ச்சி குறைந்து, சிறுநீரிலும் தொல்லை என்றால் தண்டுவடம். இரண்டு பாதத்திலும் காலுறை போட்ட மாதிரி மரத்துப்போதல் என்றால் புற நரம்புகள். தோளும் இடுப்பும் மட்டும் பலவீனம், உணர்ச்சி சரியாக இருக்கிறது என்றால் தசை. காலையில் நன்றாக இருந்து மாலையில் இமை தொங்கி, பார்வை இரண்டாகத் தெரிந்தால் நரம்பும் தசையும் சேருமிடம், அதாவது மயஸ்தீனியா. பலம் இருக்கிறது, நடை மட்டும் தள்ளாடுகிறது என்றால் சிறுமூளையையோ நிலையுணர்வு நரம்புகளையோ யோசியுங்கள்.

ரிஃப்ளெக்ஸ் (சுத்தியலால் தட்டினால் தசை தானாகத் துள்ளுவது) கூடி, தசை விறைத்து, உள்ளங்காலைக் கீறினால் பெருவிரல் மேலே போனால் கோளாறு மூளையிலோ தண்டுவடத்திலோ. ரிஃப்ளெக்ஸ் குறைந்து, தசை மெலிந்து தொளதொளவென்று இருந்தால் அதற்குக் கீழே. ஒரே எச்சரிக்கை: தண்டுவடத்தில் திடீரென்று அடிபட்டாலோ அழுத்தம் வந்தாலோ ஆரம்ப நாள்களில் ரிஃப்ளெக்ஸ் இல்லாமலும் இருக்கலாம். அப்போது உணர்ச்சிக் கோடும் சிறுநீர் தேங்குவதும்தான் காட்டிக்கொடுக்கும்.

படி 3: பரிசோதனை

முழு நரம்பியல் பரிசோதனைக்கு ஓபியில் நேரம் கிடையாது, சரி. ஆனால் நடக்க வைத்துப் பார்க்காமல் யாரையும் அனுப்பாதீர்கள். கதவிலிருந்து நாற்காலி வரை வருவதைக் கவனித்தாலே பாதி விஷயம் கிடைத்துவிடும்: ஒரு கை வீசாமல் உடலோடு ஒட்டியிருக்கிறதா, கால் அரை வட்டம் போட்டு வருகிறதா, திரும்பும்போது சின்னச் சின்னதாகப் பல அடிகள் வைக்கிறாரா, பாதம் தொங்கித் தரையில் தட்டுகிறதா. பிறகு குதிகாலை விரல்நுனியோடு ஒட்டி ஒட்டி நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள்.

இரண்டு கைகளையும் உள்ளங்கை மேலே இருக்க நீட்டி, கண்ணை மூடிப் பத்து நொடி வைத்திருக்கச் சொன்னால், லேசான மூளைப் பலவீனம் உள்ள கை மெதுவாக உள்பக்கம் திரும்பிக் கீழே இறங்கும். கையை அழுத்திப் பலம் பார்க்கும்போது சரியாக இருந்தது போலத் தெரிந்த ஒருவரிடம் கூட இது பிடிபடும்.

ரிஃப்ளெக்ஸ் வரவில்லை என்று எழுதுவதற்கு முன்னால் நீங்கள் தட்டிய விதத்தைப் பாருங்கள். பலர் சுத்தியலின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு குத்துகிறார்கள். பிடியின் நுனியில் தளர்வாகப் பிடித்து, அதன் எடையிலேயே விழவிட வேண்டும், நோயாளியின் கால் முழுக்கத் தளர்ந்திருக்க வேண்டும். அப்போதும் வரவில்லையென்றால் இரண்டு கை விரல்களையும் கோத்து இழுக்கச் சொல்லி, இழுக்கிற அதே நொடியில் தட்டுங்கள். அதற்கும் வராவிட்டால்தான் "இல்லை" என்று எழுதலாம்.

தலைவலியோடு வந்த ஒருவரின் விழித்திரையைப் பார்க்காமல் விடக்கூடாது. ஆப்தல்மாஸ்கோப் இருட்டறையில் தூசு படிந்து கிடப்பது பொதுவான காட்சி. பார்வை நரம்புத் தட்டு வீங்கியிருந்தால் அன்றைய ஓபியின் போக்கே மாறிவிடும்.

படி 4: இவர்களை உடனே அனுப்புங்கள்

பக்கவாதத்தில் "எப்போது ஆரம்பித்தது" என்பதைவிட "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்" என்பதே கணக்கு. தூங்கி எழுந்தபோது கை விளங்கவில்லை என்றால் மணி எழுந்ததிலிருந்து ஓடாது, படுத்ததிலிருந்து ஓடும். முதலில் விரலைக் குத்திச் சர்க்கரை பாருங்கள், சர்க்கரை இறங்கினாலும் ஒரு பக்கம் விளங்காமல் போகும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு 4.5 மணி நேரம். ஆல்டிபிளேஸ் என்றால் கிலோவுக்கு 0.9 மி.கி., அதிகபட்சம் 90. டெனெக்டிபிளேஸ் என்றால் கிலோவுக்கு 0.25 மி.கி., அதிகபட்சம் 25, ஒரே ஊசியாக. பெரிய ரத்தக்குழாய் அடைத்திருந்தால் ரத்தக்கட்டியைக் கம்பி வழியாக எடுக்கும் சிகிச்சை 6 மணி நேரம் வரை, தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரை கூட உண்டு, எனவே "நேரம் தாண்டிவிட்டது" என்று நீங்களாக முடிவு செய்து வீட்டுக்கு அனுப்பாதீர்கள். சி.டி. எடுத்து ரத்தக்கசிவு இல்லை என்று தெரியும்வரை ஆஸ்பிரின் வேண்டாம், விழுங்க முடிகிறதா என்று பார்க்கும்வரை வாயில் எதுவும் வேண்டாம். ரத்த அழுத்தம் 180 இருக்கிறதே என்று பதறி மருந்து கொடுத்து இறக்குவதும் வேண்டாம். ஊசி போடப் போகிறவருக்கு 185/110-க்குக் கீழே இருக்க வேண்டும். ஊசி போடாதவருக்கு, வேறு காரணம் இல்லாவிட்டால், 220/120 வரை முதல் நாள் விட்டுவைப்பது வழக்கம்.

பத்து நிமிடத்தில் கை சரியாகிவிட்டது என்று சிரித்துக்கொண்டே வருகிறவரும் இதே வரிசையில்தான். சிறு பக்கவாதத்துக்குப் பிறகான முதல் சில நாள்கள்தான் மிக ஆபத்தானவை. அன்றே மூளைப் படம், கழுத்து ரத்தக்குழாய், இ.சி.ஜி. பார்க்க வேண்டும். ரத்தக்கசிவு இல்லையென்று உறுதியாகி, ஏட்ரியல் பிப்ரிலேஷன் (ஒழுங்கற்ற இதயத் துடிப்பு) போன்ற இதயக் காரணமும் இல்லையென்றால், ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்து 21 நாள், பிறகு ஒன்று மட்டும்.

நொடியில் உச்சத்துக்குப் போன தலைவலி, வாழ்நாளில் காணாத வலி என்றால் மூளை உறைக்குள் ரத்தக்கசிவு இல்லை என்று நிரூபிக்கும்வரை அதுதான். 6 மணி நேரத்துக்குள் நல்ல கருவியில் எடுத்து, அனுபவமுள்ளவர் பார்த்த சி.டி. கிட்டத்தட்ட எல்லாவற்றையும் பிடித்துவிடும். அதற்குப் பிறகு எடுத்த சி.டி. சரியாக இருந்தாலும் முதுகு நீர் எடுத்துப் பார்க்க வேண்டும், வலி தொடங்கி 12 மணி நேரம் கழித்து எடுத்தால்தான் கசிந்த ரத்தத்தால் அந்த நீரில் வரும் மஞ்சள் நிறமாற்றம் நம்பகமாகத் தெரியும்.

காய்ச்சல், கழுத்து விறைப்பு, குழப்பம் என்று வந்தால் சி.டி.க்கும் முதுகு நீருக்கும் வரிசையில் காக்கவைத்து ஆன்டிபயாடிக்கைத் தள்ளிப்போடாதீர்கள். ரத்தக் கல்ச்சர் எடுத்துவிட்டு முதல் டோஸைப் போடுங்கள், கூடவே அல்லது சற்று முன்பே டெக்சாமெதாசோன் என்ற ஸ்டீராய்டு.

வலிப்பு 5 நிமிடம் தாண்டினால் தானாக நிற்கும் என்று காத்திருக்கக் கூடாது. லோராசிபாம் ரத்தக்குழாயில் கிலோவுக்கு 0.1 மி.கி., ஒரு டோஸுக்கு அதிகபட்சம் 4 மி.கி. ஊசி ஏற்ற ரத்தக்குழாய் கிடைக்கவில்லையென்றால் தேடிக்கொண்டிருக்காமல் 40 கிலோவுக்கு மேலுள்ளவருக்கு மிடசோலாம் 10 மி.கி. தசையில். அடங்காவிட்டால் லெவெடிரசெட்டாம், வால்புரோவேட், ஃபாஸ்பெனிடாயின் மூன்றில் ஏதாவது ஒன்று. மூன்றையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வு 2019-ல் வந்தது, மூன்றும் ஏறக்குறைய சமமாகவே வேலை செய்தன. இங்கே நடக்கிற பொதுவான தவறு குறைந்த டோஸ். பயந்து பயந்து பாதி ஆம்பூல் போடுவதால் வலிப்பும் நிற்காது, நேரமும் போய்விடும். மது அதிகம் குடிப்பவருக்கும் பல நாள் சாப்பிடாதவருக்கும் குளுக்கோஸுக்கு முன்னால், முடியாவிட்டால் கூடவே, தயமின்.

கடைசியாக, ஏறிக்கொண்டே போகும் பலவீனம். கால் மரத்து, இரண்டு மூன்று நாளில் படி ஏற முடியாமல், ரிஃப்ளெக்ஸ் எல்லாம் போயிருந்தால் கில்லன் பாரே. இவரிடம் ஆக்சிஜன் அளவைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள், அது கடைசியில்தான் இறங்கும். ஒரே மூச்சில் எண்ணச் சொல்லுங்கள், 20-ஐத் தாண்ட முடியவில்லை என்றால் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள இடத்துக்கு உடனே போக வேண்டும். முதல் வாரத்தில் முதுகு நீர்ப் புரதம் சரியாக இருப்பதால் நோய் இல்லை என்று ஆகாது. சிகிச்சை இம்யூனோகுளோபுலின் அல்லது பிளாஸ்மா மாற்றம், ஸ்டீராய்டு இதில் உதவாது.

படி 5: தினமும் வருகிறவர்கள்

தலைவலி என்று ஓபிக்கு வருகிறவர்களில் பெரும்பங்கு ஒற்றைத் தலைவலிதான். 4 மணி முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும், குமட்டும், வெளிச்சம் பிடிக்காது, வேலையைக் கெடுக்கும். குமட்டல், வெளிச்சக் கூச்சம், வேலை தடைபடுவது, இந்த மூன்றில் இரண்டு இருந்தாலே ஏறக்குறைய உறுதி. இருட்டறையில் போய்ப் படுக்கிறாரா என்று கேளுங்கள். சைனஸ், கண் பவர் என்று பல வருடம் அலைந்திருப்பார்கள். 50 வயதுக்குமேல் புதிதாக வந்தால், மெல்லும்போது தாடை வலித்தால், இ.எஸ்.ஆர். (அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்து, ரத்தக்குழாய் அழற்சி என்ற சந்தேகம் வலுவாக இருந்தால் திசுப் பரிசோதனைக்குக் காத்திராமல் ஸ்டீராய்டு தொடங்குங்கள், பார்வை போனால் திரும்பாது. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ சாதாரண வலி மாத்திரை, அல்லது 10 நாளோ அதற்கு மேலோ டிரிப்டான் (ஒற்றைத் தலைவலிக்கே உரிய மாத்திரை) அல்லது கலவை மாத்திரை என்று மூன்று மாதத்துக்கு மேல் போனால் மாத்திரையே தலைவலியைத் தொடர வைக்கும். தடுப்பு மருந்தில் ஆளைப் பார்த்துத் தேர்வு செய்யுங்கள்: ஆஸ்துமா உள்ளவருக்கு புரோப்ரனலால் வேண்டாம், சிறுநீரகக் கல் உள்ளவருக்கும் கர்ப்பமாகக்கூடியவருக்கும் டோபிராமேட் வேண்டாம். ஒளிக்கோடுகள் தெரிந்து பிறகு வலி வரும் வகையினருக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை வேண்டாம், பக்கவாத ஆபத்து.

நினைவிழந்து விழுந்தவர் வந்தால் அவரைவிட, பார்த்தவர் முக்கியம். வந்திருக்கவில்லையென்றால் போனில் கூப்பிடுங்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விழுவதற்கு முன் முகம் வெளுத்ததா, வியர்த்ததா? கண் திறந்திருந்ததா? எழுந்த பிறகு எவ்வளவு நேரத்தில் ஆளை அடையாளம் கண்டார்? சாதாரண மயக்கத்திலும் கை கால் சில நொடி வெட்டும், அதை வைத்து வலிப்பு மாத்திரை ஆரம்பித்துவிடக் கூடாது. நாக்கின் பக்கவாட்டில் கடி, நீண்ட குழப்பம், தலை ஒரு பக்கம் திரும்புவது ஆகியவை வலிப்புக்குச் சாதகம். முதல் தடவை விழுந்த எல்லோருக்கும் இ.சி.ஜி. கட்டாயம். இதயத் துடிப்புக் கோளாறை வலிப்பு என்று நினைத்து மருந்து கொடுத்துக்கொண்டிருப்பதில் உயிரே போகலாம். வாலிப வயதினரிடம் "காலையில் எழுந்ததும் கை வெடுக்கென்று உதறி டம்ளர் விழுந்திருக்கிறதா?" என்று கேட்க மறக்காதீர்கள். ஆம் என்றால் அது பெரும்பாலும் இளம்பருவ மயோக்ளோனிக் வலிப்பு, கார்பமசெபின் அதைக் கூட்டிவிடும். இ.இ.ஜி. நன்றாக இருப்பதால் வலிப்பு இல்லை என்று ஆகாது. கர்ப்பமாகக்கூடிய வயதில் இருப்பவருக்கு வேறு வழியிருக்கும்வரை வால்புரோவேட் எழுதாதீர்கள்.

தலைசுற்றலில் "எந்த மாதிரி சுற்றுகிறது" என்று கேட்டுக் குழம்ப வேண்டாம், எவ்வளவு நேரம், எதைச் செய்தால் என்று கேளுங்கள். படுக்கையில் புரண்டால் ஒரு நிமிடத்துக்குள் சுற்றி அடங்கினால் உள்காதுத் துகள் நகர்ந்திருக்கிறது. தலையை ஒரு பக்கம் திருப்பிச் சட்டென்று படுக்க வைக்கும் டிக்ஸ் ஹால்பைக் பரிசோதனை செய்து உறுதிப்படுத்தி எப்லி முறையில் தலையைத் திருப்பினால் பலர் அங்கேயே சரியாகிவிடுவார்கள், மாதக்கணக்கில் மாத்திரை தேவையில்லை. இடைவிடாமல் நாள் முழுக்கச் சுற்றி, கண் ஆடிக்கொண்டிருந்தால், ஒரு இலக்கையே பார்க்கச் சொல்லி, தலையைச் சட்டென்று திருப்பும் பரிசோதனை செய்யுங்கள். இங்கே கவனம்: கண் இலக்கைவிட்டு விலகித் திரும்பி வந்தால் காது நரம்பு, எதுவும் விலகாமல் சரியாக இருந்தால்தான் ஆபத்து, சிறுமூளைப் பக்கவாதமாக இருக்கலாம். பிடிக்காமல் உட்காரவே முடியாதவரை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

நடுக்கம் ஓய்வில், ஒரு பக்கம், கூடவே அசைவில் மந்தம் என்றால் பார்க்கின்சன். மந்தம் இல்லாமல் அந்தப் பெயரை வைக்காதீர்கள். டம்ளர் தூக்கும்போது இரண்டு கையும் நடுங்கி, அப்பாவுக்கும் இருந்தது என்றால் பரம்பரை நடுக்கம். 40 வயதுக்குள் எந்த அசைவுக் கோளாறு வந்தாலும் உடலில் செம்பு சேரும் வில்சன் நோய்க்கு ரத்தத்தில் செருலோபிளாஸ்மின் அளவைப் பாருங்கள், சிகிச்சை உள்ளதைத் தவறவிடக் கூடாது.

முகம் கோணி வந்தால் நெற்றியைச் சுருக்கச் சொல்லுங்கள். நெற்றியும் அசையவில்லையென்றால் பெரும்பாலும் பெல் முகவாதம்: 72 மணி நேரத்துக்குள் பிரெட்னிசோலோன், பகலில் கண் சொட்டு, இரவில் இமையை டேப் போட்டு மூடுவது. நெற்றி அசைகிறதென்றால் மூளையைப் பாருங்கள்.

பாதம் எரிகிறது என்று வருபவருக்குச் சர்க்கரை, பி12, தைராய்டு, சிறுநீரகம், மது. முழங்கைக்குப் பின்னால் அல்னார் நரம்பைத் தடவிப் பாருங்கள், தடித்திருந்து தோலில் உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் தொழுநோய். எரிச்சலுக்கு அமிட்ரிப்டிலின் 10 மி.கி. இரவில் நல்ல தொடக்கம், ஆனால் வயதானவர், புராஸ்டேட் வீக்கம், கண் அழுத்தம், இதயக் கடத்தல் கோளாறு என்றால் டுலாக்செட்டின் அல்லது பிரிகாபாலின் பக்கம் போங்கள். பிரிகாபாலின் அளவைச் சிறுநீரகத்தைப் பார்த்துக் குறைக்க வேண்டும்.

மறதிக்கு வருபவரிடம் மன அழுத்தம், பி12, தைராய்டு, தூக்க மாத்திரை, சமீபத்தில் விழுந்தாரா என்பதை முடித்த பிறகுதான் டிமென்ஷியா. டோனெபெசில் எழுதும் முன் நாடித்துடிப்பைப் பாருங்கள், ஏற்கெனவே குறைவாக இருந்தால் மயங்கி விழக்கூடும்.

எந்த நோயிலும் சேராமல், ஆனால் உண்மையாகவே முடியாமல் வருகிறவர்களும் உண்டு. செயல்சார் பலவீனம் என்பது "ஒன்றும் இல்லை" என்று சொல்லித் தள்ளும் விஷயமல்ல, அதற்கு நேர்மறை அறிகுறிகள் உண்டு. படுக்க வைத்து, பலவீனமான குதிகாலைக் கீழே அழுத்தச் சொன்னால் அழுத்தம் வராது. நல்ல காலை எதிர்ப்புக்கு எதிராகத் தூக்கச் சொன்னால் அதே குதிகால் உங்கள் உள்ளங்கையை நன்றாக அழுத்தும். இதை நோயாளிக்கே காட்டி, "நரம்பு வழி அறுந்துபோகவில்லை, மூளை அதைப் பயன்படுத்தும் விதம் தடுமாறுகிறது, பயிற்சியால் மீட்கலாம்" என்று சொல்லி இயன்முறைக்கு அனுப்புங்கள். நடிக்கிறார் என்ற தொனி குரலில் வந்துவிட்டால் அவர் அடுத்த மருத்துவரிடம் போய் இன்னொரு எம்.ஆர்.ஐ. எடுப்பார்.

படி 6: மருந்து தொடங்கிய பிறகு

வலிப்பு மருந்து ஒன்றில் தொடங்கி, மெதுவாக ஏற்றி, அந்த ஒன்றைச் சரியான அளவுக்குக் கொண்டுபோன பிறகுதான் அடுத்ததை யோசிக்க வேண்டும். நான்கு மருந்து நான்கும் அரைகுறை அளவில் இருக்கும் சீட்டுகள் நிறைய வருகின்றன. பொருத்தமான இரண்டு மருந்துகள் சரியான அளவில் கொடுத்தும் நிற்கவில்லையென்றால் அறுவை சிகிச்சை மதிப்பீட்டுக்கு அனுப்புங்கள், பத்து வருடம் கழித்து அல்ல. லெவெடிரசெட்டாம் தொடங்கியவரின் வீட்டாரிடம் எரிச்சல், கோபம் கூடியிருக்கிறதா என்று கேளுங்கள், அவர் தானாகச் சொல்லமாட்டார். வாகனம், நீச்சல், உயரத்தில் வேலை பற்றிச் சொன்னதைக் குறிப்பில் எழுதிவையுங்கள்.

பார்க்கின்சன் நோயாளிக்கு வாந்தி வந்தால் மெட்டோகுளோபிரமைடும் குழப்பம் வந்தால் ஹாலோபெரிடாலும் கூடாது. அறுவை சிகிச்சைக்காக அனுமதித்தாலும் அவருடைய முக்கிய மருந்தான லெவோடோபா நேரம் தவறக்கூடாது, சட்டென்று நிறுத்துவது ஆபத்து. மயஸ்தீனியா உள்ளவரின் சீட்டில் அமினோகிளைகோசைடு, புளூரோகுவினோலோன், மேக்ரோலைடு ஆன்டிபயாடிக்குகளும் ரத்தக்குழாய் வழி மெக்னீசியமும் தவிர்க்க வேண்டியவை என்று பெரிதாக எழுதிக்கொடுங்கள், அடுத்த சளிக்கு அவர் உங்களிடம்தான் வருவார் என்று நிச்சயமில்லை.

ஒட்டிய பெயரை அப்படியே சுமக்கவும் வேண்டாம். பெல் என்று சொன்ன முகம் மூன்று மாதத்தில் கொஞ்சமும் திரும்பவில்லையென்றால் படம் எடுங்கள். பார்க்கின்சன் என்று சொன்னவர் முதல் வருடத்திலேயே அடிக்கடி விழுந்தால், அல்லது லெவோடோபா நல்ல அளவில் கொடுத்தும் பலன் தெரியவில்லையென்றால் அது அந்த நோயின் வேறு உறவுக்கார நோய். கில்லன் பாரே என்று சொன்னது எட்டு வாரத்துக்கு மேலும் கூடிக்கொண்டே போனால் நாள்பட்ட வகை, அதற்கு ஸ்டீராய்டு வேலை செய்யும்.